சுவரில் தொங்கிய சூனியக்காரி

பாரிசின் லா சப்பலில் நான் எழுதிய முதலும் கடைசியுமான நாவல், சூனியக்காரிகளையும் அவர்களை வேட்டையாடியோரையும் பற்றியது. அது அச்சேறவில்லை. ஆயினும் எண்பதுகளின் நடுப்பகுதியில் அந்தப் பகுதியிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழ்ந்த தமிழரில் கணிசமானோர் அதனை வாசித்தனர். வாசித்ததோடு நில்லாமல் நம்பவும் செய்தனர். அந்த நம்பிக்கையினால் ஒரு பெண் தன் தங்குமிடத்தை இழக்கும் நிலை வந்தது. அந்த நிலையை உண்டாக்கியவன் நான். அதனைத் திருத்த நான் பட்ட பாட்டை ஒளிவுமறைவின்றி எழுதிவைப்பது என் கடமை எனக் கருதுகிறேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். தமிழ் உரைநடையைப் பழைய மாத இதழ்களிலும் கோயில் மலர்களிலும் இருந்து பார்த்துப் பழகினேன். பாரிசுக்கு வந்த பின் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவினேன். மதிய வேலை மூன்று மணிக்கு முடியும். மாலை வேலை ஆறரைக்குத் தொடங்கும். இடையில் கிடக்கும் இந்த நேரத்தை உணவகத்தார் ‘கூப்பூர்’ என்பர். குளிர்காலத்தில் அந்த நேரத்தைக் கழிக்கத் தோதான இடம், காசு போட்டுத் துணி துவைக்கும் கடையே. சூடாக இருக்கும், துணி மடிக்கும் மேசை அகலமாக இருக்கும், ஒருவரும் எழும்பச் சொல்லார். எங்கள் கட்டடத்தில் வீடு வீடாக விளம்பரத் தாள் போடும் ஒருவர் எஞ்சிய தாள்களை எனக்குத் தருவார். அவற்றின் ஒருபுறம் மலிவுவிலைச் சோபாக்கள். மறுபுறம் என் நாவல்.

நாவலுக்கான வித்து உணவகத்தின் பின்கட்டிலேயே கிடைத்தது. அங்கே சலாது இலை கழுவும் முதிய பிரெஞ்சுப் பெண் ஒருத்தி இருந்தாள். தன் ஊர்ப்பக்கத்தில், பல நூற்றாண்டுகளுக்கு முன், மாட்டின் பாலை வற்றச் செய்தார்கள் என்று பெண்களைப் பிடித்து எரித்த கதையை ஒருநாள் எனக்குச் சொன்னாள். அவள் பேச்சில் பாதிதான் எனக்கு விளங்கியது. மீதியை மேசையில் சிந்திய தண்ணீரில் விரலால் வரைந்து காட்டினாள். பிடிப்பவர்களிடம் புத்தகங்கள் இருந்தனவாம். எந்த அடையாளம் உள்ளவள் சூனியக்காரி என்று அவற்றில் எழுதப்பட்டிருந்ததாம். அந்தப் புத்தகம் என் மனதை விட்டு அகலவில்லை. ஒரு வாரத்துள் என் கதை உருவாயிற்று. போர்த்துக்கீசப் பரங்கியர் காலத்து இலங்கையின் வடகரை. சூனியக்காரிகளை வேட்டையாட ஊர் ஊராய்ச் செல்லும் ஒன்பது குதிரை வீரர்; அவர்களுள் ஒருவன் தலைவன். அவர்கள் கையில் ஏழு அடையாளங்கள் பொறித்த ஓர் ஏடு. கடல் ஏறிவரும் வேளையில் ஒரு சொல்லால் அதனை நிறுத்த வல்ல ஒரு பெண்.

அக்காலத்தில் எங்கள் தெருவில் இருந்த பலசரக்குக் கடையின் உட்சுவரே எங்கள் பத்திரிகை. இடம் இருக்கும் அறைகள், ஊர்ச் சாவு அறிவித்தல், யாரோ கொண்டுவந்த கடிதத்தில் கண்ட செய்தி, எல்லாம் அங்கேதான் குத்தப்படும். கடைக்கார அண்ணையிடம் கேட்டு என் அத்தியாயங்களையும் அங்கேயே தொங்கவிட்டேன். ஊர்ச் செய்தியைத் தேடி வருவோர் அதையும் வாசித்தனர். சிலர் பிரதி எடுத்துக்கொண்டு போயினர். நான் செய்த முதற்பிழை அந்தச் சுவரைத் தெரிவு செய்தது. இரண்டாவது பிழை அதனிலும் பெரிது. கனமான நாவல்களுக்கு அப்படியொரு தலைப்பு இருக்கவேண்டும் என்று எண்ணி, முதற்பக்கத்தின் உச்சியில் ‘உண்மைச் சரித்திரம்’ எனக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்.

மூன்றாவது பிழை எங்கள் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருந்தது.

அங்கே ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. அவர்களது முன்னறையின் ஒரு மூலையில், திரைச்சீலைக்குப் பின்னால், மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண் ஒருத்தி தங்கியிருந்தாள். தனியாக வந்தவள். தங்குவதற்கு ஈடாக அந்த வீட்டுக் குழந்தையைப் பார்த்தாள். வேலைக்குப் போகும் வேறு இரண்டு தாய்மாரின் குழந்தைகளையும் பார்த்தாள். அவற்றுள் ஒன்று, மூன்றாம் மாடியில் இருந்த எங்கள் எட்டு மாத மகன். அவள் அகதி விண்ணப்பம் கொடுத்துப் பல மாதங்களாகியிருந்தன. முடிவு பதிவுத் தபாலில் அந்த விலாசத்துக்கே வரவேண்டும். கீழே வரிசையாய் இருந்த தபால்பெட்டிகளில் வீட்டுக்காரரின் பெயருக்குக் கீழே அவளுடைய பெயர் சிறு தாள்துண்டில் ஒட்டப்பட்டிருந்தது. விலாசம் மாறியதால் கடிதம் திரும்பிப்போய், மேன்முறையீட்டுக்குரிய நாட்கள் கடந்து, எல்லாவற்றையும் இழந்தவர்களை நாங்கள் எல்லோரும் அறிந்திருந்தோம். ஆகவே கடிதம் வரும்வரை அந்த மூலையை விட்டு அவள் நகரக்கூடாது.

ஏட்டில் பொறிக்க எனக்கு ஏழு அடையாளங்கள் தேவைப்பட்டன. கற்பனையில் மூன்றுதான் வந்தன. மகனை விடவும் கூட்டிவரவும் ஐந்தாம் மாடிக்கு ஏறி இறங்கிய எனக்கு மற்றவை அங்கேயே கிடைத்தன. குழந்தைகளுக்கு அவள் செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி நாவூறு கழித்து, அடுப்பில் போட்டு, பின் நெற்றியில் சிலுவை போட்டுவிடுவாள். தலைவாரும்போது உதிரும் மயிரை விரலில் சுற்றிச் சுவர்ப் பிளவில் செருகுவாள். பிறர் வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடியாள். அத்தனையையும் எடுத்துக்கொண்டேன். போதாதென்று, அவளுடைய இடப்புருவத்தை இரண்டாகப் பிரித்த தழும்பையும் என் சூனியக்காரிக்குக் கொடுத்தேன். அந்த வரியை எழுதியபோது எனக்கு மிகுந்த பெருமை இருந்தது.

ஆறாம் அத்தியாயத்தில் என் சூனியக்காரி ஒரு குழந்தைக்கு மிளகாய் சுற்றி எரிக்கிறாள். மூன்றாம் நாள் குழந்தை காய்ச்சலில் விழுகிறது. அது சுவருக்குப் போன வாரத்திலேயே ஐந்தாம் மாடி வீட்டுக்காரியின் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. மாரிகாலம்; கட்டடம் முழுவதும் இருமிக்கொண்டிருந்தது. ஆனால் காய்ச்சலுக்கு முன்பு அந்தக் குழந்தைக்கு நாவூறு கழிக்கப்பட்டிருந்தது. கடைக்குப் போய்வந்த எவரோ இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு அது தெரியவந்தது என் மனைவியால். அவள் ஒரு தையல் வேலைத்தலத்தில் சட்டை அழுத்தும் வேலை செய்தாள். அன்று காலை வேலைக்குப் போகாமல் மகனை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ளையை ஏன் மேலை விடேல்லை?” என்று கேட்டேன்.

“உங்கடை ஆறாம் அத்தியாயத்தை நீங்கள் வாசிக்கேல்லையோ?”

“அது கதையெல்லோ.”

“கதையெண்டு எங்கை எழுதியிருக்கு? உண்மைச் சரித்திரம் எண்டு போட்டது ஆர்?”

“இஞ்சாரும், அது முழுக்க நான் தலையிலை இருந்து எடுத்து எழுதினது.”

“புருவத் தழும்பும் உங்கடை தலையிலை இருந்ததோ?”

அவள் தொடர்ந்து, மற்றத் தாயும் குழந்தையை நிறுத்திவிட்டதையும், ஞாயிற்றுக்கிழமைக்குள் மூலையை விட்டுப் போகும்படி வீட்டுக்காரி சொல்லிவிட்டதையும் கூறினாள். காரணத்தை மட்டும் அந்தப் பெண்ணுக்கு ஒருவரும் சொல்லவில்லையாம்.

நான் நேரே கடைக்குப் போய் அத்தியாயங்களைக் கழற்றித் தரும்படி கேட்டேன். கடைக்கார அண்ணை தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கழட்டவோ? சனம் வெங்காயம் வாங்க வாறதே உதுக்குத்தான், எழுத்தாளர்.”

“அதாலை ஒரு மனுசிக்குக் கரைச்சல் வந்திட்டுது அண்ணை.”

“அது எப்பவோ சுவரை விட்டுப் போட்டுது. எபினேயிலை நாலு வீட்டிலை இருக்கு. ஓல்னேயிலை ஒருத்தர் முழுசாக் கொப்பி அடிச்சு வைச்சிருக்கிறார். சுவரைக் கழுவினால் அங்கை அழியுமோ?”

அவர் சொன்னது சரி; பாரிசின் புறநகர்கள் வரை போனதை நான் கழற்ற முடியாது. என்றாலும் ஏதாவது செய்தாகவேண்டும் என்று, ‘இக்கதையில் வருவோர் யாவரும் கற்பனை மாந்தரே’ என அங்கேயே எழுதி அத்தியாயங்களின் மேல் குத்தினேன். மறுநாள் அதன் கீழே யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: ‘எழுத்தாளருக்கும் சூனியம் செய்துபோட்டாள்.’ சுற்றி நின்றவர்கள் சிரித்தனர். எழுதியவர் பகிடிக்கு எழுதியிருக்கலாம். இருவர் சிரிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

எழுத்தால் ஆன கெடுதியை ஒரு வரி மறுப்பால் நீக்க முடியாது என்று அப்போது விளங்கிற்று. முழு அத்தியாயம் ஒன்றுக்கு முழு அத்தியாயம் ஒன்றே பதிலாக வேண்டும். அதற்கு முன் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லவேண்டும்.

அடுத்த நாள் காலை ஆறாம் அத்தியாயத்தின் என் கைப்பிரதியையும் எடுத்துக்கொண்டு ஐந்தாம் மாடிக்கு ஏறினேன். வீட்டுக்காரி குழந்தையை மருத்துவரிடம் கொண்டுபோயிருந்தாள். அந்தப் பெண் குழந்தை உடுப்புகளைக் கொடியிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே முழுவதையும் வாசித்துக் காட்டினேன். வாசிக்க வாசிக்க என் வசனங்கள் எனக்கே கூச்சமாக இருந்தன. முடித்ததும் அவள் கேட்டாள்:

“எத்தினை மிளகாய் எண்டு எழுதினியள்?”

“ஏழு.”

“நான் மூண்டுதான் போடுறனான் அண்ணை. ஏழு போட்டால் இந்தப் படிக்கட்டிலை ஒருத்தரும் ஏறேலாது.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் தன் புருவத்தைத் தொட்டாள்.

“இது கிணத்துக் கப்பி கழண்டு விழுந்தது. பத்து வயசிலை. அதையும் எழுதியிருந்தால் ஒருத்தரும் பயந்திருக்கமாட்டினம்.”

“நான் கேக்காமல் எடுத்தது பிழை.”

“கேட்டிருந்தால் தந்திருக்கமாட்டன்,” என்றாள். பின் ஒரு சிறு சட்டையை மடித்து மற்றவற்றின் மேல் வைத்தாள். “சனம் என்னை என்னவும் சொல்லட்டும். கீழை அந்தப் பெட்டியிலை என்ரை பேர் இருக்கவேணும். காயிதம் வருமட்டும் இருந்தால் காணும்.”

“இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு.”

“அவளைக் கடைசியிலை எரிக்கப்போறியளோ?”

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் எரிப்பதாகவே திட்டமிட்டிருந்தேன். அதனைச் சொன்னேன்.

“அதை ஒருக்கால் யோசியுங்கோ,” என்றாள்.

கீழே வந்து மனைவியிடம் மகனை மறுபடி அங்கே விடவேண்டும் என்றேன். நாங்களே நிறுத்திவிட்டால் மற்றவர்களுக்கு நான் என்ன சொன்னாலும் எடுபடாது. அவள் மகனை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு, “உங்களுக்குப் பயமில்லையெண்டால் நீங்களே கொண்டுபோய் விடுங்கோ. என்ரை கையாலை நான் குடுக்கமாட்டன்,” என்றாள். மறுநாள் நானே கொண்டுபோனேன். கதவைத் திறந்த வீட்டுக்காரி என்னையும் என் தோளில் இருந்த மகனையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“என்னண்ணை, அறிஞ்சுகொண்டும் கொண்டுவாறியளோ?”

“அறிஞ்சபடியால்தான் கொண்டுவாறன், தங்கச்சி. ஞாயிறு பின்னேரம் வரைக்கும் பொறுங்கோ. கடைக்கும் வாங்கோ.”

“கடையிலை என்ன?”

“நான் எழுதின பிழையை எல்லாருக்கும் முன்னாலை வாசிக்கப்போறன்.”

“நீங்கள் வாசிச்சால் காய்ச்சல் விடுமோ?”

“காய்ச்சல் டொக்டரின்ரை மருந்துக்கு விடும். நீங்கள் வாங்கோ.”

அன்று மாலை என் மனைவி வேலையிலிருந்து நேரே ஐந்தாம் மாடிக்கு ஏறினாள். மகன் வாயைத் திறந்தபடி நித்திரையாய்க் கிடந்தான். காலையும் கையையும் பிடித்துப் பார்த்தாள், மோந்தும் பார்த்தாள். பிறகு தூக்கிக்கொண்டு வந்தாள். மறுநாள் காலை பால் போத்தலையும் அணையாடைகளையும் தானே பையில் அடுக்கி என் கையில் தந்தாள்.

அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொன்ன நாளிலிருந்து ஞாயிறுக்கு நான்கு கூப்பூர்கள் இருந்தன. துணி துவைக்கும் கடையில் முதல்நாள் எழுதியதை வீட்டுக்குப் போகுமுன்னே கிழித்தேன். அதில் என் சூனியக்காரி ஒரு தெய்வமாகிவிட்டிருந்தாள். தெய்வமானாலும் பேயானாலும் அந்தப் பெண்ணுக்கு அதே கேடுதான். இரண்டாம் நாள் எழுதியது உபதேசம், அதுவும் போயிற்று. மூன்றாம் நாள் என் வேட்டைத் தலைவனை அவனுடைய சொந்த வீட்டுக்கு அனுப்பினேன். அதன்பின் எழுத்து நிற்கவில்லை. நான்காம் நாள் வேலைக்குப் பத்து நிமிடம் பிந்திப்போய் ஏச்சு வாங்கினேன்.

ஞாயிறு பிற்பகல் கடை நிறைந்திருந்தது. பூசை முடிந்து வந்தவர்களும், வாரச் சாமான் வாங்கப் பொண்டிப் புறநகரிலிருந்து வந்தவர்களும் நின்றனர். வீட்டுக்காரி காய்ச்சல் தணிந்த குழந்தையைப் போர்த்தியபடி வாசலோரம் நின்றாள். என் மனைவி மகனோடு பின்னால் நின்றாள். மேலே, பாலத்தில் மெத்ரோ ரயில் போகும்போதெல்லாம் நான் நிறுத்தி, போனபின் தொடர வேண்டியிருந்தது.

முதலில் என் குற்றத்தைச் சொன்னேன். இது சரித்திரம் அன்று. ‘உண்மை’ என்று எழுதியது என் பெருமைக்காக. தழும்பும், மிளகாயும், மயிரும் ஐந்தாம் மாடியில் எங்கள் பிள்ளைகளை வளர்க்கும் ஒரு மனுசியிடமிருந்து அவள் அறியாமல் நான் எடுத்தவை. அவள் எவருக்கும் எதுவும் செய்யவில்லை.

“உதையும் அவ சொல்லித்தாறாவோ, எழுத்தாளர்?” என்று அரிசி மூட்டைப் பக்கமிருந்து ஒருவர் கேட்டார். பலர் சிரித்தனர்.

“முழுக்கக் கேட்டிட்டுச் சொல்லுங்கோ,” என்று அத்தியாயத்தைத் தொடங்கினேன்.

வேட்டைத் தலைவன் பல ஊர் சுற்றிக் களைத்து வீடு திரும்புகிறான். அவன் மனைவி பிள்ளையை மடியில் வைத்து உப்பும் மிளகாயும் சுற்றிக்கொண்டிருக்கிறாள். அவன் பழக்கத்தில் ஏட்டை எடுத்துப் பார்க்கிறான், முதலாம் அடையாளம். சுவர்ப் பிளவில் சுற்றிச் செருகிய மயிர், இரண்டாம் அடையாளம். அயல்வீட்டார் நீட்டிய தண்ணீரை அவள் மறுக்கிறாள், மூன்றாவது. வாசல் நிலையில் தேசிக்காயும் மிளகாயும் கோத்துத் தொங்குகின்றன, நாலாவது. அந்த இடம் வந்ததும் சிலர் திரும்பிக் கடை வாசலுக்கு மேலே பார்த்தனர். அங்கே கடைக்கார அண்ணை வெள்ளிக்கிழமை கட்டிய தேசிக்காய் தொங்கிற்று.

“என்னை ஏன் பாக்கிறியள்?” என்றார் அவர். “அது எல்லாக் கடையிலையும் கட்டுறதுதானே.”

“அதைத்தான் அண்ணை நானும் எழுதியிருக்கிறன்.”

இம்முறை சிரிப்பு அவர்மேல் விழுந்தது. அவரும் வேண்டாவெறுப்பாகச் சிரித்தார். ஏழாம் அடையாளத்தோடு தலைவன் ஏட்டை மூடுகிறான். வெளியே எட்டு வீரரும் அடுத்த பெண்ணின் பெயரைக் கேட்டுக் குதிரைகளில் காத்திருக்கிறார்கள். அத்தோடு அத்தியாயம் முடிந்தது.

பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

“நேற்று என்ரை பிள்ளைக்கு நாவூறு கழிச்சது நான். போன கிழமை அவவைப் பற்றிக் கதைச்சதும் நான்தான். இப்ப என்னை எந்த வீட்டை விட்டு எழுப்பப்போறியள்?”

அவள் இவ்வளவு பேர் முன்னால் பேசியதை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அரிசி மூட்டைக்காரர் தம் பையைத் தூக்கிக்கொண்டு காசு கொடுக்கப் போனார். எல்லோர் மனமும் மாறியது என்று நான் எழுதினால் அது மறுபடியும் உண்மைச் சரித்திரம் ஆகிவிடும். அந்த மற்றத் தாய் தன் குழந்தையைப் பிறகு ஒருபோதும் அங்கே விடவில்லை. ஆனால் வீட்டுக்காரி பாலத்தின் கீழே என்னை மறித்து, வேறெங்கோ பார்த்தபடி, “காயிதம் வருமட்டும் இருக்கட்டும் அண்ணை. பேந்து பாப்பம்,” என்றாள். மன்னிப்பு என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. எனக்கு அது தேவையாகவும் இருக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பதிவுத் தபால் வந்தது. தபால்காரர் ஐந்து மாடி ஏறி அவள் கையொப்பம் வாங்கினார். அவள் அதைப் பிரிக்காமல் எங்கள் கதவுக்குக் கொண்டுவந்தாள். எனக்கிருந்த பிரெஞ்சு அறிவுக்கு முதல் வரியே போதுமானதாக இருந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. மேன்முறையீட்டுக்குக் கொடுத்த நாட்களில் ஒன்றுகூடக் குறையவில்லை. அவள் அழவில்லை. “எழுதுவமோ அண்ணை?” என்றாள்.

அடுத்த வருடம் அவளுக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் நாவலையும் முடித்தேன். அதில் எவரும் எரியவில்லை. ஆனால் அந்த ஆண்டு நான் எழுதியவற்றுள் எனக்கு மதிப்புள்ளது அந்த மேன்முறையீட்டின் தமிழ் மூலம்தான். அதனைப் பிரெஞ்சாக்கித் தர ஒருவர் இருந்தார். தமிழில் ஒழுங்காக எழுதிக் கொடுக்க வேண்டியது என் பங்கு. ஐந்தாம் மாடிச் சமையலறையில், என் கூப்பூர் நேரத்தில், அவள் சொல்ல நான் எழுதினேன். அவள் படகேறிய நாளை, ‘கொந்தளிக்கும் கடலும் காரிருளும் சூழ்ந்த வேளையில்’ என்று தொடங்கினேன். அவள் வாசித்துக் காட்டச் சொன்னாள்.

“கடல் அண்டைக்கு அமைதியா இருந்தது,” என்றாள். “விடிஞ்சும் போச்சு. அப்பிடியே எழுதுங்கோ. அங்கை ஒரு பொய் பிடிச்சால் மிச்சமும் பொய் எண்டு சொல்லுவினம்.”

அடித்துவிட்டு, கடல் அமைதியாக இருந்தது என்று எழுதினேன். நான் சேர்த்த இன்னும் மூன்று இடங்களை அவள் கண்டுபிடித்தாள், மூன்றையும் நீக்கினேன். நான்கு பக்கம் முடிய ஆறு மணியாயிற்று. தங்குமிடத்தை உறுதிப்படுத்தும் கடிதத்தை வீட்டுக்காரி ஒப்பமிட்டுத் தரவேண்டியிருந்தது. அவள் குழந்தையை இடுப்பில் வைத்தபடி நான்கு பக்கத்தையும் நின்றே வாசித்தாள். பின் பேனாவை வாங்கித் தங்குமிடக் கடிதத்தில் ஒப்பமிட்டு, தாளை என் பக்கம் தள்ளினாள்.

“விலாசத்தை வடிவா எழுதுங்கோ அண்ணை. ஐஞ்சாம் மாடி, இடப்பக்கக் கதவு எண்டும் போடுங்கோ.”